பழகிடும் சாரின் மெத்தை

அவருடைய அடையாள அட்டையில் இருந்த பதவிப் பெயர் இரண்டு வரிக்கு நீண்டு, புகைப்படத்தின் தாடையை இடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை கம்பெனியில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பழகிடும் சார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டப்பெயரும் பழகிவிட்டது.

கம்பெனி மெமரி ஃபோம் மெத்தை செய்து விற்கிறது. வாங்கியவர்கள் நூறு நாள் படுத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கேள்வி கேட்காத கம்பெனி, கேள்வி கேட்பதற்காக ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது விளம்பரத்தில் இருக்காது. அந்த ஒருவர்தான் இவர். யாராவது போன் செய்து மெத்தை அமுங்குகிறது, கொதிக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னால், வண்டிக்கு முன்னால் பழகிடும் சார் போய் நிற்பார். பெரும்பாலும் அதற்குப் பிறகு வண்டி போக வேண்டிய வேலை இருக்காது.

அவர் வேலை செய்யும் விதமே தனி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கைக்குட்டையால் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். மெத்தையின் ஓரத்தில் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். முழுசாக இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் வீட்டுக்காரர்கள் தாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு உள்ளங்கையை மெத்தையில் அழுத்தி எடுத்து, பதிந்த குழி மெல்ல மெல்ல மேலே வருவதைக் காட்டுவார். "பாத்தீங்களா? உங்களை ஞாபகம் வச்சுக்குது. இந்தக் காலத்துல யாரு வச்சுக்கறா?" என்பார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"இதுக்கு முன்னாடி எதுல படுத்துட்டிருந்தீங்க?"

பஞ்சு மெத்தை என்பார்கள். கயிற்றுக் கட்டில் என்பார்கள். தரை என்று சொல்லிவிட்டு எங்கோ பார்ப்பவர்களும் உண்டு. எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்.

"அதான்!"

அந்த ஒரு சொல்லில் எதிராளி பாதி ஆளாகிவிடுவார். இத்தனை நாள் கண்டதில் படுத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டது தன் குற்றம்தான், மெத்தையின் மேல் பழி போட்டுவிட்டோமே என்று அவருக்கே தோன்றிவிடும். அப்போது பார்த்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள், மெல்லிய விரிப்பு போடுங்கள், பழைய மெத்தையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், மனசு அதற்கே ஓடும் என்று மூன்று யோசனை சொல்லிவிட்டு, கடைசியாக "பழகிடும்" என்று எழுந்துவிடுவார். படிவத்தில் பரிசோதித்தவரின் கருத்து என்ற கட்டத்தில் பதினொரு வருடமாக ஒரே வாசகம்: 'மெத்தையில் குறை இல்லை. பழக்கம் போதவில்லை.'

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையில் உட்காரலாம், படுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. விதி என்றால் இவருக்கு வேதவாக்கு. அதனால் பதினொரு வருடத்தில் பல நூறு மெத்தைகளில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றில்கூட முதுகைச் சாய்த்ததில்லை. வீட்டில் கல்யாணத்தின்போது தைத்த பஞ்சு மெத்தை. நடுவில் சப்பையாகி, ஓரத்தில் கட்டி தட்டி, கிட்டத்தட்ட பலகைக்கு உறவாகிவிட்ட மெத்தை. அதில் இருபத்திரண்டு வருடம் அவர் கட்டையாய் உருண்டு தூங்கினார்.

அந்த வருடம் சிறந்த ஊழியர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கேண்டீனில் கூட்டம் போட்டு, மேனேஜர் நாலு வார்த்தை பேசி, பரிசு என்று ஒரு மெத்தையையே கொடுத்தார்கள். இருப்பதிலேயே உயர்ந்த ரகம், பத்து அங்குலம். பழகிடும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பெட்டியைத் தானே பிரித்தார். சுருட்டி அடைத்திருந்த மெத்தை பெருமூச்சு விட்டபடி எழும்பி அறையை நிறைத்தது. பழைய மெத்தையை, தான் ஊருக்குச் சொன்ன யோசனைப்படியே, வந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். வண்டிக்காரர் அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று பின்னால் எத்தனையோ முறை ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கப்போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அவர் மனைவிக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க நின்றபடி விரிப்பும் தலையணை உறையும் சட்டையும் தேய்த்துவிட்டு வந்தால் கால் இரண்டும் தன்னுடையதில்லை என்பாள். அன்றைக்கு மெத்தையில் படுத்தவள், "ஏங்க, மேகத்துல படுத்த மாதிரி இருக்குங்க" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. தானும் படுத்தார்.

படுத்தார் என்று சொல்வதைவிட இறங்கினார் என்று சொல்லலாம். மெத்தை அவரை இடுப்புவரை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முதுகுக்குக் கீழே அடுப்பு மூட்டியதுபோல ஆனது. இந்தப் பக்கம் கொதிக்கிறதே, அந்தப் பக்கம் திரும்பலாம் என்று பார்த்தால், தன் உருவத்துக்கே வெட்டிய குழிக்குள் கிடந்தார். புரண்டு படுக்க வேண்டுமென்றால் முதலில் எழுந்து உட்கார வேண்டும். எழுந்து உட்கார வேண்டுமென்றால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் மனைவிதான் இருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் நேர்மையானவர். ஊருக்குச் சொன்ன யோசனைகளை எல்லாம் ஒன்று விடாமல் தனக்கே செய்து பார்த்தார். ஜன்னலைத் திறந்தார். விரிப்பை மாற்றினார். மின்விசிறியைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பினார். தண்ணீர் பாட்டிலைக் குளிரவைத்துத் துண்டில் சுற்றி முதுகுக்கடியில் வைத்துக்கொண்டார். மெத்தை பாட்டிலையும் விழுங்கியது. எட்டு நாள் தனக்குத் தானே பழகிடும், பழகிடும் என்று சொல்லிக்கொண்டார். ஒன்பதாம் நாள் முடியவில்லை. ஆனால் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? பதினொரு வருடமாக ஊர் வாயை அடைத்த ஆள், சொந்த வீட்டில் தன் வாயைத் திறந்து, மெத்தை கொதிக்கிறது என்பதா? அதுவும் பரிசாக வந்த மெத்தை. அதுவும் அவளுக்கு மேகம்.

"விடியறதுக்கு முன்னாடி கிளம்ப வேண்டிய வேலை நிறைய வருது. எதுக்கு உன் தூக்கத்தைக் கெடுக்கணும்? கொஞ்ச நாளைக்கு ஹால்ல படுத்துக்கறேன்" என்றார்.

அவள் மறுக்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் தலையணையும் போர்வையும் சோபாவுக்கு வந்துவிட்டன. "கொசு வருது" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வேலைக்குப் போகிற மனுஷனுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று எத்தனை கரிசனம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சோபா மூன்று பேர் உட்காருவதற்கானது. படுத்தால் முக்கால் ஆளுக்குத்தான் இடம், மீதிக் கால்பங்கு கைப்பிடிக்கு மேல் தொங்கும். கொதிப்பு இல்லை, உண்மை. ஆனால் தூக்கமும் இல்லை. உடம்பு வலியைவிட இன்னொன்று அவரை அரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவளைவிட்டுத் தனியாகப் படுத்ததில்லை. விளக்கை அணைத்த பிறகு அவள் கடைக்கதை ஒன்றிரண்டு சொல்வாள். யாருடைய சட்டையில் எந்தக் கறை, எந்த வீட்டு விரிப்பு எப்படிக் கசங்கி வந்தது என்று. பாதியிலேயே அவர் தூங்கிவிடுவார். இப்போது அந்தப் பாதிக்கதைக்கு ஏங்கினார். எப்படியாவது உள்ளே போக வேண்டும். மெத்தை வெளியே போனால்தான் அவர் உள்ளே போக முடியும். மெத்தை வெளியே போக வேண்டுமென்றால் பழகிடும் சார் தோற்க வேண்டும். இதை நினைத்து நினைத்தே நாற்பத்தொரு நாள் ஓடிவிட்டது. இதற்குள் கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டுவிட்டது. பஸ்ஸில் நின்றபடி தூங்கி இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்.

நாற்பத்தோராம் நாள்தான் டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்குப் போனார்.

நீதிமன்றத்தில் முப்பத்து நாலு வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மா. தனியாக இருந்தார். வாசலிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணே முக்காலுக்கு வர்றேன்னீங்க, ரெண்டாகுது" என்றார். இது லேசில் மசிகிற ஆள் இல்லை என்று பழகிடும் சாருக்குப் பட்டது. இருந்தாலும் தொழில் தொழில்தானே. காலைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், கையை அழுத்திக் குழியைக் காட்டினார். அந்த அம்மா அசரவில்லை.

"இதுக்கு முன்னாடி எதுல படுத்துட்டிருந்தீங்கம்மா?"

"அதோ, அதுலதான்." கதவுக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தை சுருட்டி நிறுத்தியிருந்தது.

"அதான்!" என்றார் இவர்.

"எதான்?" என்றார் அந்த அம்மா.

பதினொரு வருடத்தில் யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. 

"நீங்க வந்ததுலேர்ந்து உக்காந்தே பாக்கறீங்க. உக்கார்றதுக்கு எங்கிட்ட நாற்காலி இருக்கு. இது படுக்கறதுக்கு வாங்கினது. படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"கம்பெனி விதிப்படி படுக்கக் கூடாதும்மா."

"படுக்காம படுக்கையைப் பத்தி எழுதறதுக்குப் பேரு பொய்ச் சாட்சி. எங்க ஆபீஸ்ல அதுக்குத் தண்டனை உண்டு."

படுத்தார். ஐந்தே நிமிடம். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார். பழைய மெத்தையைத் தரையில் விரித்து, ஒரு தலையணையைப் போட்டு, "இப்ப இதுல" என்றார். ஒப்பிட்டுப் பார்ப்பது பரிசோதனையில் சேர்ந்ததுதானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு பழகிடும் சார் அதில் முதுகைச் சாய்த்தார். அதன் கடினமும் கட்டியும் பட்ட மாத்திரத்தில், காணாமல்போன சொந்தக்காரரைக் கண்டதுபோல அவர் உடம்பு அப்படியே நெகிழ்ந்துபோனது. அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. அந்த அம்மா தட்டச்சு யந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அடித்து முடித்த தாளை உருவி எடுத்துக்கொண்டிருந்தார். அது கம்பெனிப் படிவம். பரிசோதித்தவரின் கருத்து என்ற கட்டம் நிரம்பி வழிந்தது.

'பரிசோதித்தவர் புதிய மெத்தையில் ஐந்து நிமிடம் படுத்தார். வேர்த்தது. பிற்பகல் 2.20க்குப் பழைய மெத்தையில் படுத்தார். 2.23க்குக் குறட்டை தொடங்கியது. 4.15க்கு விழித்தார். இடையில் தட்டச்சு ஓசையோ, அழைப்பு மணியோ அவரை எழுப்பவில்லை. குறட்டையின் காரணமாக அடுத்த அறைக் கதவைச் சாத்த நேர்ந்தது.'

"இதுல ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம்" என்றார் அந்த அம்மா. "இல்லேன்னா கையெழுத்துப் போடுங்க."

அசடு வழிய உட்கார்ந்திருந்தார் பழகிடும் சார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பத்தொரு நாளில் முதல்முறையாகத் தலை தெளிவாக இருந்தது, தெளிவான தலையோடு பொய் சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். படிவம் மேஜைமேல் கிடந்தது. வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனவர், கேட்பதற்கு முன்னாலேயே கொட்டிவிட்டார். "உண்மைதான் சார். மெத்தை கொதிக்குது சார். உள்ள இழுக்குது. எனக்குக் குடுத்ததும் அப்படித்தான் சார். நாப்பது நாளாச்சு, பழகல."

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதைப் போய்ச் சத்தமா சொல்லிக்கிட்டு? என் வீட்டுல இன்னும் பஞ்சு மெத்தைதான்யா" என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்த அம்மா மெத்தையை எடுக்க வெள்ளிக்கிழமை வண்டி போகுது. உங்க தெரு வழியாத்தான் திரும்பும். ஒரு படிவம் எழுதி வைங்க, உங்களதையும் ஏத்திக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம். ஆனா வீட்டுல அதுல படுக்கறவங்க யாரோ, அவங்க கையெழுத்து வேணும். அது விதி."

பழகிடும் சார் வீட்டுக்குப் பறந்தார். வழி நெடுகிலும் ஒரே கவலைதான். அவளுக்கு அது மேகமாயிற்றே, எந்த முகத்தோடு கேட்பது? நாள் பூரா நின்றுவிட்டு வருகிறவளுக்கு வாய்த்த ஒரே சுகம். தன் தூக்கத்துக்காக அதைப் பிடுங்குகிறோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கேட்டுப் பார்ப்போம், அவள் முகம் வாடினால் சோபாவே கதி என்று இருந்துவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டார்.

சாயங்காலம் அவள் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் படிவத்தோடு அறை வாசலில் நின்று மென்று முழுங்கினார்.

"நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. இந்த மெத்தை எனக்கு ஒத்துக்கல. வேலைக்குச் சீக்கிரம் போகணும்னு சொன்னது பொய்."

"தெரியும்" என்றாள் அவள்.

"தெரியுமா?"

"உங்க பக்கத்து விரிப்பைத் தேச்சவ நான்தானே. ஒம்பது நாளும் பிழிஞ்சா தண்ணி வரும்போல இருந்துது. ஊர் விரிப்பைப் பாத்தே யாரு தூங்கினா, யாரு தூங்கலைன்னு சொல்லிடுவேன். வீட்டு விரிப்பு தெரியாதா?"

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் நாற்பது நாள் சோபாவில் மடங்கிக் கிடந்திருக்க வேண்டாமே! உற்சாகத்தோடு வந்து மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"வெள்ளிக்கிழமை வண்டி வரும். ஏத்தி அனுப்பிடலாம். நல்ல பஞ்சு மெத்தையா ஒண்ணு தைக்கச் சொல்லிடறேன். நானும் உள்ள வந்துடறேன். உன் கையெழுத்து மட்டும் வேணும். சும்மா ஒரு பேருக்குக் கேக்கறேன், பதில் சொல்லு. மெத்தை சூடா இருக்கா?"

"சூடுதான்."

"அமுங்குதா?"

"அமுங்குது. எந்திரிக்கறதுக்குள்ள இடுப்பு கழண்டு போயிடுது."

"மேகம்னியே?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. வேற என்னத்தைச் சொல்ல?"

"அப்ப நீயும் தூங்கலையா?"

"தூங்கினேனே. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித் தூங்கினதே இல்ல."

அவருக்குப் புரியவில்லை. கொதிக்கிற மெத்தை, அமுங்குகிற மெத்தை, அதில் இப்படி ஒரு தூக்கமா? குழம்பிப்போகும்போது மனசு தானாகப் பழகிய வழியில் போகும் அல்லவா? படிவத்தின் அடுத்த கேள்வி அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"இதுக்கு முன்னாடி எதுல படுத்துட்டிருந்தே?"

அவள் பாதத்தைப் பிடித்துவிடுவதை நிறுத்தினாள்.

"உங்க பக்கத்துல."

பதினொரு வருடப் பழக்கம் லேசில் போகுமா? "அதான்" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இஸ்திரி மேஜையில் ஒரு சட்டையை மடித்து வைக்கிற நிதானத்தோடு சொன்னாள். "கல்யாணமாகி நாலாம் நாள் சொன்னேன், குறட்டை தாங்கலைன்னு. பழகிடும்னீங்க. நானும் பழகிடும், பழகிடும்னு பாத்தேன். நீங்க ஹாலுக்குப் போறேன்னதும்தான் கண்ணை மூடினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட? ஊர்ல இருக்கறவங்க சொல்றதையே நீங்க கேக்கல."

அவருக்கு வலித்தது. இருபத்திரண்டு வருடம் தன் பக்கத்தில் ஒருத்தி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், தான் கதையின் பாதியில் தூங்கிப்போனதும் மீதிக் கதையை யாரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். டைப்பிஸ்ட் அம்மா இரண்டு மணி நேரத்தில் தாளில் அடித்துக் காட்டியதை இவள் ஒருநாளும் எழுதித் தரவில்லை.

"மெத்தையை வெள்ளிக்கிழமை அனுப்பிடுங்க. எனக்கும் வேணாம்" என்றாள் அவள். "எனக்குத் தரையே போதும். உங்களுக்குத்தான் பஞ்சு மெத்தை சொல்லியாச்சு. சனிக்கிழமை வந்துடும்."

"எப்ப சொன்னே?"

"நீங்க ஹாலுக்குப் போன மறுநாளே. தைக்கறவருக்குத்தான் இப்ப கை ஒழிஞ்சிருக்கு."

மறுநாளே என்றதும் ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. பிறகு, தொழில்காரர் அல்லவா, அளவு கேட்டார்.

"மூணுக்கு ஆறு" என்றாள். "ஒத்த ஆள் மெத்தை. ஹால்ல ஜன்னல் ஓரமா போட்டுக்கலாம், அளந்து பாத்துட்டேன்."

அவள் எழுந்து படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "பேசறதுக்கு உள்ள வாங்க, யாரு வேணாம்னா? சாப்பிட்டதும் வாங்க. இன்னிக்குக் கடைல ஒரு கூத்து நடந்துது, சொல்றேன். தூக்கம் வந்தா மட்டும் எந்திரிச்சுப் போயிடணும்."

அவள் அடுப்படிக்குப் போனாள். அவர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்துக்கு வந்தார். 'மெத்தையில் குறை இல்லை' என்று கை எழுதிவிட்டது. அடுத்து எழுதவேண்டிய இரண்டு சொல் மனப்பாடம்தான், ஆனால் பேனா நகரவில்லை. அந்த ஒரு வரியோடு கீழே கையெழுத்துப் போட்டார்.